பத்தொன்பதாம் நாள் நின்றுபோகும் நடை

தர்மபுரியில் வசிக்கும் 43 வயது ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கும் நீண்ட கடிதத்தின் சுருக்கம் இது.

பாலக்கோடு பக்கத்தில் ஒரு தொடக்கப் பள்ளிக்குத் தினமும் பஸ்ஸில் போய் வருகிறார். சர்க்கரை நோய் வந்து நான்கு வருடம் ஆகிறது. மெட்ஃபார்மின் காலை, இரவு இரண்டு வேளையும், கிளிமிபிரைடு காலையில் ஒரு வேளையும் சாப்பிடுகிறார். கடைசியாகப் பார்த்த மூன்று மாதச் சராசரி, அதாவது ஹெச்பிஏ1சி, 8.2. மாமியார் பக்கவாதம் வந்து ஒன்றரை வருடமாகப் படுக்கையில் இருக்கிறார். ராத்திரியில் இரண்டு முறையாவது எழுந்து அவரைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். டாக்டர் நடக்கச் சொன்னதால் இரண்டு வருடத்தில் நான்கு முறை நடைப்பயிற்சி ஆரம்பித்திருக்கிறார். அதிகபட்சம் 19 நாள் ஓடியது. நான்காவது முறை, விடியற்காலை 5 மணிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு நடக்கப் போனவருக்கு நடுவழியில் கை நடுங்கி, வியர்த்து, கண் இருட்டியது. யாரோ பிடித்து ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறார்கள். அதோடு நின்றுபோனது.

“நீ எதைத்தான் முழுசா செஞ்ச?” என்று வீட்டுக்காரர் கேட்டது மனதில் தைத்திருக்கிறது. “நான் பிறவியிலேயே உறுதி இல்லாதவளா? 21 நாள் தாண்டினால் பழக்கம் ஆகிவிடும் என்கிறார்கள், எனக்கு அதுகூட முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் சேர்த்து நடந்தால் ஆகாதா? இந்த ஊர்த் தண்ணீரால்தான் முழங்கால் வலிக்கிறது, நடந்தால் தேய்ந்துவிடும் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். பேசாமல் மாத்திரையைக் கூட்டிக்கொண்டு நடையை விட்டுவிடலாமா?” என்று கேட்டு முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் எழுதியிருக்கும் நேரங்களைக் கூட்டிப் பார்த்தேன். ராத்திரி 11 மணிக்குப் படுக்கிறீர்கள், நடுவில் இரண்டு முறை எழுகிறீர்கள், 4.30க்கு அலாரம் அடிக்கிறது. தூக்கம் ஐந்து மணி நேரத்தைத் தொடவில்லை, அதுவும் மூன்று துண்டாக. அந்த உடம்பை 5 மணிக்கு வெறும் வயிற்றில் கிளப்பி ஒரு மணி நேரம் நடக்க வைத்தீர்கள். நான்கு முறையும் இதே திட்டம்தான். ராத்திரி முழுக்கத் தூங்கி எழுகிற ஒருவருக்கு இந்தத் திட்டம் சரியாக இருக்கலாம். உங்கள் வீட்டில் அது 19 நாள் ஓடியதே பெரிய விஷயம். உங்களிடம் உறுதி இல்லை என்று இந்தக் கடிதத்தைப் படிக்கும் எந்த மருத்துவரும் சொல்ல மாட்டார். திட்டத்தைத்தான் மாற்ற வேண்டும். அதற்கு முன்னால் பேச வேண்டியது அந்த நடுக்கத்தைப் பற்றி.

டீக்கடை பெஞ்சில் நடந்தது என்ன

கிளிமிபிரைடு மாத்திரை கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று அது பார்க்காது. நடக்கும்போது கால் தசைகள் ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். இரண்டும் ஒரே நேரத்தில், அதுவும் வெறும் வயிற்றில் சேர்ந்தால் சர்க்கரை 70க்குக் கீழே போகலாம். நடுக்கம், வியர்வை, படபடப்பு, கண் இருட்டுதல் எல்லாம் தாழ்சர்க்கரையின் அடையாளங்கள். அன்றைக்கு யாரும் சோதித்துப் பார்க்கவில்லை என்றாலும், நீங்கள் விவரிப்பது அதற்கு அப்படியே பொருந்துகிறது. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு இது அபூர்வம்.

ஆகவே, கிளிமிபிரைடைக் காலைச் சாப்பாட்டை ஒட்டித்தான் போட வேண்டும். போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப்போடக் கூடாது. நடை எப்போதும் சாப்பாட்டுக்குப் பிறகு. இந்தச் சம்பவத்தை உங்கள் டாக்டரிடம் சொன்னீர்களா என்று கடிதத்தில் இல்லை. கட்டாயம் சொல்லுங்கள். அளவைக் குறைப்பதும், தாழ்சர்க்கரை வராத வேறு வகை மாத்திரைக்கு மாற்றுவதும் அவர் கையில் இருக்கும் வழிகள். நீங்களாகக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டாம்.

மூன்று டீஸ்பூன் சர்க்கரையை ஒரு சின்னப் பொட்டலமாக மடித்து ஹேண்ட்பேக்கில் ஒன்று, பள்ளி மேஜையில் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். கை நடுங்கினால் உடனே உட்கார்ந்து, அரை டம்ளர் தண்ணீரில் அதைக் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடம் பொறுங்கள். குறையவில்லை என்றால் இன்னொரு முறை. சரியானதும் இரண்டு இட்லியோ பிஸ்கட்டோ சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் திரும்ப இறங்கும். சாக்லேட்டும் நெய் இனிப்பும் இந்த நேரத்துக்கு உதவாது. அதில் இருக்கும் கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் முதல் இரண்டு வாரம் நடக்கும் முன் பாருங்கள். 90க்குக் கீழே இருந்தால் ஒரு வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

விடியற்காலையை விட்டுவிடுங்கள்

நடை என்றாலே பிரம்ம முகூர்த்தம் என்று நம் ஊரில் பதிந்துபோயிருக்கிறது. சர்க்கரைக்கு அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை. நியூசிலாந்தில் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில், இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளிகள் 41 பேரை வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள். 2016-ல் வெளியானது. தினம் எப்போதாவது 30 நிமிடம் நடப்பதையும், மூன்று வேளைச் சாப்பாட்டுக்குப் பிறகும் பத்துப் பத்து நிமிடம் நடப்பதையும் ஒப்பிட்டார்கள். பத்துப் பத்தாக நடந்தபோது சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரை சராசரியாக 12 சதவீதம் குறைவாக இருந்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மட்டும் பார்த்தால் 22 சதவீதம்.

இரவில் களி சாப்பிடுகிறோம், அதனால் பயமில்லை என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். கேழ்வரகு நல்ல தானியம்தான், ஆனால் களியும் மாவுச்சத்துதான். இரண்டு உருண்டை உள்ளே போனால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். ஒரு உருண்டையும் கீரைக்கடைசலைத் தாராளமாகவும் வைத்துக்கொண்டு, சாப்பிட்டு அரை மணி நேரத்துக்குள் பத்து நிமிடம் நடந்தால், உங்களுக்கு அதிகப் பலன் தரும் பத்து நிமிடம் அதுவாகத்தான் இருக்கும்.

உங்கள் நாளில் அது எப்படிப் பொருந்தும்? காலைச் சாப்பாட்டை முடித்துவிட்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்து போகிறீர்கள், ஏழெட்டு நிமிடம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஸ்கூட்டியில் கொண்டுவந்து விடட்டுமா என்று மகன் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். கொஞ்சம் வேகமாக நடந்து, பஸ் வரும் வரை அங்கேயே மேலும் கீழும் நடந்தால் பத்து நிமிடம் ஆகிவிடும். மதியம் பிள்ளைகள் சாப்பிட்டுக் கை கழுவும் நேரத்தில் பள்ளித் தாழ்வாரம் இருக்கிறது, சித்திரை வெயிலிலும் அங்கே நிழல்தான். ராத்திரி வீட்டு வாசல் தெரு. தெருவில் நாய்த் தொல்லை என்கிறீர்கள், அப்படியானால் மொட்டை மாடி போதும். அந்தப் பத்து நிமிடம் மாமியார் பக்கத்தில் வீட்டுக்காரர் உட்காரட்டும்.

தினமும் 8 கிலோமீட்டர் என்று நீங்கள் வைத்திருந்த இலக்கு எங்கிருந்து வந்தது என்று புரிகிறது. தமிழக அரசு 2023 நவம்பரில் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று மாவட்டத்துக்கு ஒரு 8 கிலோமீட்டர் நடைபாதையைக் குறித்துக் கொடுத்தது. அருமையான ஏற்பாடு. ஆனால் அது பாதையின் நீளம். தினமும் முழுக்க நடந்தே ஆக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. தினம் 10,000 காலடி என்ற கணக்கும் அப்படித்தான், 1960களில் ஜப்பானில் விற்ற ஒரு நடைமானியின் பெயரிலிருந்து பரவியது. உலக சுகாதார நிறுவனம் கேட்பது வாரத்துக்கு 150 நிமிட மிதமான உழைப்பும், இரண்டு நாள் தசைக்கான பயிற்சியும். ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்று முன்பு இருந்த விதியையும் 2020-ல் எடுத்துவிட்டார்கள். மூன்று நிமிடம் நடந்தாலும் சேரும்.

நாள் முழுக்க வகுப்பில் நிற்பது இதில் சேராதா என்று கேட்டிருக்கிறீர்கள். உட்கார்ந்தே இருப்பதைவிட நல்லது, அவ்வளவுதான். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த வேகம்தான் மிதமான உழைப்பு.

மோசமான நாளுக்கு என்று தனி அளவு

இதுவரை நீங்கள் போட்ட திட்டத்தில் ஒரே ஒரு அளவுதான் இருந்தது. செய்தால் முழுசு, இல்லாவிட்டால் பூஜ்யம். மாமியாருக்கு வயிற்றுப்போக்கு வந்த ராத்திரிக்கு அடுத்த நாள் பூஜ்யம், அதற்கடுத்த நாள் குற்ற உணர்ச்சி, மூன்றாம் நாள் செருப்பு மூலைக்குப் போய்விடுகிறது. திட்டத்தை மூன்று அளவில் எழுதுங்கள்.

நல்ல நாள்: மூன்று வேளையும் பத்துப் பத்து நிமிடம்.

நடுத்தர நாள்: பஸ் ஸ்டாப் நடையும் இரவு நடையும், 20 நிமிடம்.

மோசமான நாள்: இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம் மட்டும். அதற்கும் தெம்பு இல்லையா? மாமியார் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கும் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது பத்து முறை, அறைக்குள்ளேயே மூன்று நிமிட நடை.

வாரத்தில் மூன்று நல்ல நாள், இரண்டு நடுத்தரம், இரண்டு மோசம் என்று வைத்துக்கொண்டால் 90, 40, 20. கூட்டினால் 150. இரண்டு மோசமான நாளைக் கழிக்காமலே கணக்கு நிறைகிறது.

எழுதும்போது “நாளையிலிருந்து நடப்பேன்” என்று எழுதாதீர்கள். “இரவு சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்த்த கையோடு ஷூவை மாட்டுவேன்” என்று எழுதுங்கள். இங்கிலாந்தில் 248 மாணவர்களிடம் செய்து 2002-ல் வெளியிட்ட ஆய்வில், எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் என்று எழுதி வைத்தவர்களில் 91 சதவீதம் பேர் அந்த வாரம் உடற்பயிற்சி செய்தார்கள். எழுதாதவர்களில் 40 சதவீதம் பேர்கூடச் செய்யவில்லை. ஷூவை அலமாரியில் வைக்காமல், பாத்திரம் கழுவும் இடத்திலிருந்து கண்ணில் படுகிற மாதிரி வைத்தால் நினைவூட்ட ஆள் தேவையில்லை.

இந்த 21 நாள் கணக்கை மறந்துவிடுங்கள். முகத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்குப் புது முகம் பழக மூன்று வாரம் ஆகிறது என்று ஒரு அமெரிக்க மருத்துவர் 1960-ல் எழுதியதிலிருந்து திரிந்து வந்தது அது. லண்டனில் 96 பேரைப் பின்தொடர்ந்து 2010-ல் வெளியான ஆய்வில், ஒரு செயல் பழக்கமாக நடுத்தரமாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் வரை கணக்கு போனது. நடுவில் ஒரு நாள் விட்டதால் பழக்கம் கெட்டுப்போகவில்லை என்பதையும் அதில் பார்த்தார்கள். உங்களுடைய 19 நாள் பாதி வழிகூட இல்லை. இத்தனை நாளும் தவறான கோட்டை வைத்து உங்களை நீங்களே அளந்திருக்கிறீர்கள்.

ஞாயிறு மட்டும் நடந்தால்?

ஒரு முறை நடந்தால் தசைகள் இன்சுலினுக்கு இணங்கும் தன்மை ஒரு நாளிலிருந்து இரண்டு, மூன்று நாள்வரை கூடுதலாக இருக்கும். பிறகு பழையபடி ஆகிவிடும். ஞாயிறு நடந்த நடையின் பலன் வியாழக்கிழமைக்கு வராது. அதனால்தான் சர்க்கரை நோயாளிகள் தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் விடக் கூடாது என்கிறோம். உங்களுக்கு நான் வைக்கும் ஒரே கண்டிப்பான விதி இதுதான்: ஒரு நாள் விட்டால் பரவாயில்லை, இரண்டு நாள் விட்டாலும் சமாளிக்கலாம், மூன்றாம் நாள் அந்த மூன்று நிமிடத்தையாவது செய்துவிடுங்கள். விட்ட நாளுக்குச் சேர்த்து நடக்க வேண்டாம். பழக்கமில்லாத காலில் இரண்டு மணி நேரம் நடந்தால் முழங்கால் வீங்கி அடுத்த வாரமும் போய்விடும்.

முழங்காலும் தண்ணீரும்

பக்கத்து வீட்டார் சொன்னதில் பாதி உண்மை. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் ஆழ்துளைக் கிணற்று நீரில் பல இடங்களில் ஃப்ளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் வந்ததே அதற்காகத்தான். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளோரைடு உள்ள தண்ணீரைப் பல வருடம் குடித்தால் பல்லில் கறை விழும். அளவு இன்னும் கூடுதலாக இருந்தால் முதுகும் கழுத்தும் இடுப்பும் இறுகும். குடிக்க மட்டும் ஒகேனக்கல் தண்ணீர், சமையலுக்கு போர்த் தண்ணீர் என்று பல வீடுகளில் வைத்திருக்கிறார்கள். சோறும் களியும் சாம்பாரும் அந்தத் தண்ணீரில்தானே வேகிறது? சமையலுக்கும் ஒகேனக்கல் குழாய்த் தண்ணீரே வேண்டும். காய்ச்சினால் ஃப்ளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அடர்த்தி கூடும்.

ஆனால் நடப்பதால் முழங்கால் தேய்ந்துவிடும் என்பது சரியில்லை. மாடிப்படி இறங்கும்போதும் தரையிலிருந்து எழும்போதும் மட்டும் வலிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். தொடையின் முன்தசை பலமிழந்தவர்களிடம் அடிக்கடி பார்க்கிற வலி இது. நடக்காமல் விட்டால் அந்தத் தசை இன்னும் சூம்பும். வாரத்தில் இரண்டு மூன்று நாள் இதைச் செய்யுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, தொடையை இறுக்கி, ஐந்து எண்ணும் வரை வைத்திருந்து இறக்குங்கள், காலுக்குப் பத்து முறை. பிறகு சுவரோடு ஒட்டிப் போட்ட நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது எட்டு முறை. உட்காரும்போது தொப்பென்று விழாமல் மூன்று எண்ணி இறங்க வேண்டும், பலன் அந்த இறக்கத்தில்தான் இருக்கிறது. மூச்சை அடக்காதீர்கள்.

வலிக்கு ஒரு அளவுகோல்: பத்துக்கு மூன்று நான்குக்குள் இருந்து, மறுநாள் காலை பழைய நிலைக்கு வந்துவிட்டால் தொடரலாம். மறுநாளும் கூடுதலாக வலித்தால் அடுத்த முறை பாதியாகக் குறையுங்கள். மூட்டு வீங்கினாலோ, பூட்டிக்கொண்டாலோ, கழுத்தும் முதுகும் வளையவே இல்லை என்றாலோ அரசு மருத்துவமனையில் எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

வெளியே நடக்க ரப்பர் செருப்பு வேண்டாம், குதிகாலைப் பிடிக்கும் ஷூ போடுங்கள். இரவு படுக்கும் முன் உள்ளங்காலை வெளிச்சத்தில் ஒரு முறை பாருங்கள். சர்க்கரை நோயில் கொப்புளம் வலிக்காமலே பெரிதாகும்.

நடக்கக் கூடாத நாள்

காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு இருக்கும் நாளிலும், சர்க்கரை 300க்கு மேல் இருந்து உடம்பு சோர்ந்திருக்கும் நாளிலும் முழு ஓய்வு. மூன்று நாள் விதி அப்போது பொருந்தாது. நடக்கும்போது நெஞ்சில் பாரம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, இதுவரை இல்லாத மூச்சிரைப்பு வந்தால் நின்றுவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். சர்க்கரை உள்ள பெண்களுக்கு மாரடைப்பு நெஞ்சுவலியே இல்லாமல், வெறும் மூச்சிரைப்பும் அசதியுமாக வருவதுண்டு.

மாத்திரையைக் கூட்டிவிட்டு நடையை விடலாமா

8.2 என்ற அளவுக்கு டாக்டர் மாத்திரையை மாற்றவோ கூட்டவோ செய்யலாம். அதை உங்கள் தோல்வியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒழுங்கான உடற்பயிற்சி ஹெச்பிஏ1சியைச் சராசரியாக 0.6, 0.7 அளவுக்குக் குறைக்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் நீங்கள் 7ஐ நெருங்க முடியும். எடை மெஷினை நம்பி இருக்காதீர்கள். எடை அப்படியே இருக்கும்போதே சர்க்கரை இறங்கும். மூன்று மாதம் கழித்து ஹெச்பிஏ1சி பாருங்கள்.

அப்போது ஹீமோகுளோபின், தைராய்டு, வைட்டமின் பி12 மூன்றையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகம் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். மெட்ஃபார்மின் வருடக்கணக்கில் சாப்பிட்டால் பி12 குறையலாம். ஹீமோகுளோபின் 9க்கு இறங்கி ரத்தசோகையில் இருக்கிற ஒருவரைப் பார்த்து மனசு வைத்து நட என்று சொல்வது அநியாயம்.

மாமியாரும் உங்கள் தூக்கமும்

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தைத் தொடங்கினார்கள். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரை வீட்டுக்கு வரும் திட்டம் என்றுதான் பலருக்குத் தெரியும். படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டிலேயே இயன்முறைப் பயிற்சியும் வலி நிவாரணக் கவனிப்பும் அதில் உண்டு. உங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாமியார் பெயரைப் பதிந்து, இயன்முறை சிகிச்சையாளரை அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். வந்தால், ஒருவரே எப்படிப் புரட்டுவது என்று செய்து காட்டச் சொல்லுங்கள். அடியில் மடித்துப் போட்ட ஒரு பழைய போர்வையைப் பிடித்து, முழங்காலை மடக்கி நின்று, இடுப்பை வளைக்காமல் இழுத்தால் பாதி பலம் போதும். உங்கள் முதுகுக்கும் நல்லது.

வீட்டுக்காரருக்கு: உங்கள் மனைவிக்கு அறிவுரை தேவைப்படவில்லை. வாரத்தில் மூன்று ராத்திரி உங்கள் அம்மாவை நீங்கள் புரட்டிப் படுக்க வையுங்கள். தூக்கம் குறைந்தால் சர்க்கரை ஏறும், இன்சுலின் வேலை செய்வது மந்தமாகும். அந்த மூன்று ராத்திரித் தூக்கம் அவருடைய வைத்தியத்தில் ஒரு பகுதி.

சகோதரி, கடிதத்தின் கடைசியில் “எதிலும் பிடிப்பில்லை, அழுகை வருகிறது” என்று இருக்கிறது. இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்கள் இப்படியே இருந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு அது அதிகம் வருகிறது, சிகிச்சையும் இருக்கிறது. அரசின் மனநல உதவித் தொலைபேசி டெலி மானஸ், எண் 14416, எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கே போகும்போது, சர்க்கரை மாத்திரைச் சீட்டையும் கையோடு எடுத்துப் போங்கள்.

நடையை இன்று ராத்திரியே ஆரம்பிக்கலாம். சாப்பிட்டு முடித்ததும் பத்து நிமிடம், சர்க்கரைப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு.